பிரேசில் வல்லிபுரம்

"தம்பி, நீர் எந்தக் குறிச்சி?"

குலசிங்கம் அண்ணை இப்படிக் கேட்டதும் மண்டபத்தில் தேத்தண்ணீர் உறிஞ்சும் சத்தம்கூட நின்றுபோனது. ஊருக்குள் எந்தப் பக்கம் என்று விசாரிக்கும் சாதாரணக் கேள்விதான் அது. அதற்குள் வேறு என்னென்ன கேள்விகள் ஒளிந்திருக்கும் என்பது யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தெரியும். ஆனால் கேட்கப்பட்டவர் ஒரு பிரேசில்காரர்.

வால்டெமீர், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தின் மேல்மாடியில், வெள்ளைத் துணி சுற்றிய கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி கடித்த மட்டன் ரோல். கேள்வி முடிந்ததும் என்னைப் பார்த்தார். அன்றைக்கு மொழிபெயர்ப்பு என் வேலை.

"உங்கட இடம் எது எண்டு கேக்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சென்டர் ஃபோவேர்ட்," என்று உதைபந்தில் தான் நிற்கும் இடத்தைச் சொன்னார் வால்டெமீர்.

இது நடந்தது இரண்டு மூன்று கோடைகளுக்கு முன்னர். போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய பனி அள்ளும் கதையைப் படித்துவிட்டு என் கணவர் சிவநேசன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இந்தக் கிழமைக் கதையிலும் அவர் வருகிறார். வீடு இன்னும் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கட்டும்.

பாண் வைத்தவர்

அப்போது நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் பெரிய குசினி ஒன்றில் வேலை செய்தேன். குளிர் அறை. தலைக்கு வலை, கைக்கு உறை. தட்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். நான் பட்டர்க் கட்டியும் கரண்டியும் வைப்பேன். எனக்குப் பக்கத்தில் நின்ற உயரமான மனிதர் ஒரு குட்டிப் பாண், அதுதான் ரொட்டி, வைப்பார். மீசை வைத்தால் என் சின்ன மாமாவைப் போலவே இருப்பார். பல நாட்களாக நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் பெட்டி காலியாகிவிட்டது. "பாண் முடிஞ்சு போச்சு!" என்று அந்தப் பக்கம் நின்ற தமிழ்ப் பெண்ணிடம் கத்தினேன். உயரமானவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"பாண்?" என்றார்.

"பாண்," என்றேன்.

அவருடைய மொழியிலும் அது பாண்தானாம். இடைவேளையில் நான் கதிரையைக் காட்டினேன். அவர் ஏறக்குறைய அதே சொல்லைச் சொன்னார். மேசை. சப்பாத்து. குசினி. லேஞ்சி. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சாமான்களை நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுச் சாமான் தீர்ந்த பிறகு உடைந்த ஆங்கிலத்துக்கு மாறினோம். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

"கனடாவுக்கு முதல் என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஐரோப்பாவில் பந்து விளையாடினன்," என்றார்.

தமிழர்கள் எல்லாருமே கனடாவுக்கு முதல் ஊரில் பெரிய ஆட்களாக இருந்தவர்கள். இதுவும் அந்த வகை என்று நினைத்தேன். அவர் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். பெரிய மைதானம், வெளிச்சம், மழை. நடுவில் இதே மனிதர், தலையில் வலை இல்லாமல்.

நான் செய்த முட்டாள்தனம், வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அதைக் கணவரிடம் சொன்னது.

மதகுக்கு அந்தப் பக்கம்

சிவநேசன் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். பகலில் வீட்டிலிருந்தே காப்புறுதி விற்பார். மற்ற நேரமெல்லாம் சங்கம். வருடம்தோறும் கோடையில் ஊர்ச் சங்கங்களுக்கு இடையே உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். வருடம்தோறும் பக்கத்து ஊரிடம் நாங்கள் தோற்போம். ஊரில் இரண்டுக்கும் நடுவே ஒரு மதகு மட்டும்தான். அந்த மதகைக் கடலுக்கு இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வந்து, இங்கேயும் நடுவில் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சங்கத்தின் தலைவர் குலசிங்கம் அண்ணை யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டார். ஆனாலும் என் கணவருக்கு அவர் மதகுக்கு அந்தப் பக்கத்து ஆள்தான்.

"பிரேசிலோ?" சிவநேசன் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டார். "ஐரோப்பாவில விளையாடினவரோ? மாலா, உமக்கு இதை முதலே சொல்லத் தெரியாதே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்டெமீர் எங்கள் வீட்டு வரவேற்பறையில், கழுத்தில் மாலையோடு இருந்தார். செயற்குழு முழுக்க வந்திருந்தது. ஒவ்வொருவராகப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். "இனி இவர் எங்கட பிள்ளை," என்றார் எங்கள் சங்கத் தலைவர். வால்டெமீருக்குப் புட்டு பிடித்துப்போனது. மீன்குழம்பு கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர் பட்டியல் எழுதும்போது என் கணவர் பேனையைக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தார்.

"வால்டெமீர் எண்டு எழுதினால் வெளியூர் ஆள் எண்டு பிடிச்சுப் போடுவாங்கள்," என்றார். பிறகு எழுதினார்: வல்லிபுரம்.

கதவு திறக்காத கதை

வல்லிபுரத்தின் உண்மையான கதையை அந்தச் செயற்குழுவில் யாரும் கேட்கவில்லை. தட்டுகளுக்கு நடுவே எனக்குத்தான் துண்டு துண்டாகக் கிடைத்தது.

பிரேசிலின் உள்நாட்டில் ஒரு சிறிய ஊர். கரும்புத் தோட்டம், சிவப்பு மண். பத்தொன்பது இருபது வயதில் ஒரு முகவர் வந்து, "நீ ஐரோப்பாவை ஆளப்போகிறாய்" என்று சொல்லி போர்த்துக்கல்லுக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் பிரிவில் விளையாடும் ஒரு சின்னக் கழகம். தலைவர் ஓட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தவர். முதல் நாள் விமான நிலையத்தில் பூங்கொத்து. முதல் தோல்விக்குப் பிறகு தலைவர் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து பெல்ஜியம். மழையும் சேறும். பயிற்சியாளர் அவருடைய உயரத்தைப் பார்த்துவிட்டுப் பின்வரிசையில் நிறுத்தினார். "கோல் அடிக்க வந்தவனைக் கோலைக் காவல் காக்க விட்டாங்கள்," என்பார் வால்டெமீர். பிறகு சைப்பிரஸ். அங்கே வெயில் இருந்தது, கோல்களும் வந்தன. ஐரோப்பியக் கிண்ணத்தின் தொடக்கச் சுற்றில், பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கக்கூடிய ஒரு கழகத்தின் மைதானத்தில், கடைசிச் சில நிமிடங்களுக்கு அவரை இறக்கினார்கள். ஒரு பந்து வந்தது. அடித்தார். அது மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தத்தை அவர் வாயாலேயே செய்து காட்டுவார்.

அடுத்த வருடம் அந்தச் சைப்பிரஸ் கழகமே மூடப்பட்டது. பின்லாந்துக்குப் போனார். மேலாடையில் பெயரைப் பிழையாக அடித்திருந்தார்கள். அடுத்த பருவத்துக்குச் சரிசெய்கிறோம் என்றார்கள். ஒரு காலை பயிற்சிக்குப் போனபோது அவருடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

"ஒரு கழகமும் என்னைப் போ எண்டு சொன்னதில்லை," என்றார். "தொலைபேசியை எடுக்காமல் விடுவாங்கள். இல்லாட்டிக் கதவு திறக்காது."

கடைசியாக டொராண்டோவில் ஓர் உள்ளரங்கக் குழு கூப்பிட்டது. அவர் வந்து இறங்கியபோது குழு இல்லை. முகவரின் தொலைபேசி இலக்கமும் வேலை செய்யவில்லை. வால்டெமீர் குசினிக்கு வந்தார்.

அவருடைய அக்கா பிரேசிலில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பேசுவார்கள். அக்காவுக்கும் அந்தத் தெருவுக்கும் அவர் இன்னும் வெளிநாட்டில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார். "ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல? முடிஞ்சுது எண்டு எனக்கே ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார்.

ஒல்லாந்துக்காரனும் நல்ல ரீம்தான்

இனி அந்த மேல்மாடிக்குத் திரும்புவோம். எங்கள் அணி பக்கத்து ஊரோடு மோதும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. வல்லிபுரம் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடித்திருந்தார். பக்கத்து ஊர் முறைப்பாடு கொடுத்தது. பிறப்பாலோ பெற்றோர் வழியாலோ மணத்தாலோ ஊரைச் சேர்ந்தவர்தான் விளையாடலாம் என்பது விதி. விசாரணைக்கு எல்லாச் சங்கத்தாரும், இரண்டு அணி ஆட்டக்காரரும் வந்திருந்தார்கள்.

"சென்டர் ஃபோவேர்ட்" என்ற பதிலுக்குச் சிரித்து முடிந்ததும் என் கணவர் எழும்பினார்.

"போர்த்துக்கேயர் எங்கட ஊரை ஆண்டவை," என்றார். "கோயிலை இடிச்சவை. கோட்டை கட்டினவை. எங்கட பெண்டுகளைக் கலியாணமும் கட்டினவை. பிறகு கப்பலேறிப் பிரேசிலுக்குப் போனவை. அப்ப இவற்ற ரத்தத்தில எங்கட ஊர் இல்லையெண்டு ஆர் சொல்லுவியள்?"

"அப்ப ஒல்லாந்துக்காரனும் ஆண்டவன்தானே!" குலசிங்கம் அண்ணை மேசையில் தட்டினார். "நாளைக்கு நாங்கள் ஒல்லாந்துக்காரனைக் கொண்டு வரட்டோ?"

பின்வரிசையில் யாரோ உலகக் கிண்ண அணிகளை யோசித்துவிட்டு, "ஒல்லாந்தும் நல்ல ரீம்தான்," என்றார்.

அந்தப் பேச்சு அப்படியே வேறு பக்கம் போயிருக்கும். எங்கள் அணித் தலைவன் அபிநயன் கையை உயர்த்தினான். இங்கே பிறந்தவன், பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகிறவன்.

"அங்கிள், ஃபெயராச் செய்யுங்கோ. அதே கேள்வியை உங்கட கோல்கீப்பரிட்டயும் கேளுங்கோ."

பக்கத்து ஊர்க் கோல்கீப்பர் குலசிங்கம் அண்ணையின் சொந்த மருமகன்; தங்கையின் பிள்ளை. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"குறிச்சி... லைக்..." அவன் மாமாவின் முகத்தில் விடை தேடினான். "எயார்போர்ட்டுக்குக் கிட்ட?"

அவர்களுடைய ஊருக்கும் எயார்போர்ட்டுக்கும் நடுவில் பாதிக் குடாநாடு கிடக்கிறது.

அடுத்தவனைக் கேட்டார்கள். அவன் கோயிலின் பெயரைச் சொன்னான். அது இங்கே கனடாவில், ரிச்மண்ட் ஹில்லில் இருக்கும் கோயில். எங்கள் பையன்களும் அதைவிடத் திறமில்லை. ஒருவன் ஊரின் பெயரையே பிழையாகச் சொன்னான். தலைமை வகித்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்து மூன்று பேர் தேறியிருப்பார்கள்; அதில் ஒருவருக்கு முழங்கால் வாதம்.

"வந்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தங்கட தங்கட ஊர்தான் எண்டு எடுத்துக்கொள்ளுவம்," என்றார் அதிபர். முதல் ஆளாக அதை ஆமோதித்தவர் குலசிங்கம் அண்ணை.

அப்படித்தான் வல்லிபுரம் சட்டப்படி எங்கள் ஊர்க்காரர் ஆனார்.

வெற்றிக் கிண்ணம்

இறுதி ஆட்டம் ரூஜ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். ஆவணி வெயில். கூடாரத்துக்குள் கொத்து ரொட்டித் தகடு சத்தம் போட்டது. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் ஆட்டத்துக்கு நடுவே, பாதையை மறித்து நிற்கும் வாகனங்களின் இலக்கத்தையும் வாசித்தார்.

வால்டெமீர் நாற்பதைத் தாண்டியவர். முதல் பாதியில் ஏறக்குறைய நடந்துகொண்டிருந்தார்.

"ஓடச் சொல்லும் மாலா! உவர் என்ன காற்று வாங்க வந்தவரோ?" என்று என் கணவர் கோட்டுக்கு வெளியே ஓடினார். அன்றைக்கு அதிகம் ஓடியவர் அவர்தான்.

இரண்டாம் பாதி முடியப் போகும்போது அபிநயன் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். வால்டெமீர் அதை நெஞ்சில் வாங்கினார். பந்து அவருடைய காலடியில் பூனை மாதிரி இறங்கியது. ஒருவனை விட்டு விலகினார். இன்னொருவன் தானாகவே விழுந்தான். இடது காலால் அடித்தார். கோல்கீப்பர் மருமகன் பாய்ந்தான், பந்து அவனுக்கு அந்தப் பக்கத்தால் வலைக்குள் போனது.

அடித்த கையோடு வால்டெமீர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரோ குதிகாலில் உதைத்ததுபோல இருந்ததாம். பின்னால் யாரும் இல்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். குதிகால் நரம்பு அறுந்திருந்தது.

"வல்லிபுரம்! வல்லிபுரம்!" என்று வர்ணனையாளர் அலறினார். சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அபிநயனைத் தூக்கினார்கள். என் கணவரைத் தூக்கினார்கள். கிண்ணத்தைத் தூக்கினார்கள். வல்லிபுரத்தைத் தூக்கி என் வான் வண்டியில் ஏற்ற, நானும் தோற்றுப்போன கோல்கீப்பரும்தான் நின்றோம்.

மாலையில் நான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என் தொலைபேசிக்கு வெற்றி விருந்துப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கிண்ணத்துக்குள் ஒரு குழந்தையை இருத்தி எடுத்த படமும் இருந்தது.

புதுப் பலகைத் தரை

வால்டெமீர் வோபர்னில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். மின்தூக்கி கிடையாது. சத்திரசிகிச்சை செய்த காலோடு ஏற முடியாது. யார் வீட்டில் வைத்திருப்பது என்று செயற்குழு கூடியது.

"எங்கட பிள்ளைதான், ஆனால் எங்களிட்ட லண்டனில இருந்து மாமி வந்து நிக்கிறா," என்றார் ஒருவர்.

"இப்பதான் புதுப் பலகைத் தரை போட்டனாங்கள். ஊன்றுகோல் ஊண்டினால் கீறல் விழும்," என்றார் தலைவர்.

"யோசிச்சுப் பாத்தால், அவர் எங்கட ஊரும் இல்லைத்தானே," என்றார் இன்னொருவர், மெதுவாக.

அது எல்லாருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்தேன்.

"எங்கட சோபாவில படுக்கட்டும்," என்றேன். "பகலில இவர் வீட்டிலதானே நிக்கிறார். இவர் பாப்பார்."

சிவநேசன் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

முதல் கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு கஞ்சி வைத்தார். பெரிய பெரிய ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி, "உவரோட விளையாடினனீரோ?" என்று கேட்பார். இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு உப்புப் போடுவார். பிறகு ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது, இவர் கஞ்சி அகப்பையோடு குசினி வாசலில் நிற்கிறார்.

"கம்பத்தில பட்டு வந்த பந்து பிறகு எங்க போனது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீர் ஏன் திருப்பி அடிக்கேல்லை?"

அடுப்பில் கஞ்சி பொங்கி ஊற்றிக்கொண்டிருந்தது.

தாய்வழி

கால் கொஞ்சம் ஊன்றத் தொடங்கிய ஒரு பின்னேரம், வாசலில் குலசிங்கம் அண்ணை வந்து நின்றார். கையில் ஒரு குலை முந்திரிகைப்பழம், அப்பிள், ஒரு போத்தல் ஹோர்லிக்ஸ்.

"தம்பி வல்லிபுரத்தைப் பாக்க வந்தனான்," என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுகம் விசாரித்தார். காலைத் தடவினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "சுகமாகின பிறகு, அடுத்த கோடைக்கு எங்களுக்கு விளையாட வேணும்."

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை?" என்றார் என் கணவர். "அவர் எங்கட ஊர்!"

"உங்கட செயற்குழு கைவிட்டதெல்லாம் யூனியன்வில் வரைக்கும் கேட்டது. அதோட யோசிச்சுப் பாரும் சிவநேசன். வல்லிபுரத்தை முதல் கண்டுபிடிச்சது ஆர்? மாலா. மாலாவின்ர தாய் எந்த ஊர்? எங்கட ஊர். அப்ப தாய்வழியில இவர் எங்கட ஆள்."

என் அம்மா மதகுக்கு அந்தப் பக்கம் என்பதை இருபத்தைந்து வருட மணவாழ்வில் என் கணவர் ஒருநாளும் மறந்ததில்லை. அன்றைக்கு மட்டும் மறக்க விரும்பினார்.

"வல்லிபுரம் எங்கட ஊர்ப் பிள்ளை! என்ர கஞ்சி குடிக்கிறவர்!" என்று கத்தினார்.

வால்டெமீர் என் கையைத் தொட்டார். "ஏன் சண்டை பிடிக்கினம்?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. "ரெண்டு கழகமுமா? இந்தக் காலுக்கா?" என்று திரும்பவும் கேட்டார். ஓம் என்றேன். அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "உங்கட கோட்டு ஒண்டு தருவீங்களோ?" என்று கேட்டார்.

"என்னத்துக்கு?"

"நான் ஓய்வு பெறப் போறன். பெரிய ஆக்கள் செய்யிற மாதிரி. மேசை, மைக், எல்லாம் வைச்சு."

ஓய்வு

அதே மண்டபம். பின்னால் ஒரு பதாகை: சர்வதேசப் புகழ் வல்லிபுரம் அவர்களின் பிரியாவிடை. தமிழ்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கமராவோடு வந்திருந்தார். ஒரு பக்கம் எங்கள் தலைவர், மறுபக்கம் குலசிங்கம் அண்ணை. நடுவில், கை கொஞ்சம் கட்டையான என் கணவரின் கோட்டுக்குள் வால்டெமீர். எத்தனையோ பேர் பேசிய பிறகு அவருக்கு மைக் வந்தது. நான் மொழிபெயர்த்தேன்.

விளையாடிய ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொன்னார். கதவை மூடியவர்களையும் விடாமல் நன்றி சொன்னார்.

"எனக்கு வயசு போட்டுது," என்றார். "கால் அறுந்து கிடக்கேக்க ரெண்டு ஊர் வந்து, இன்னும் விளையாடு எண்டு கேட்டது. இதைவிட நல்ல நேரம் எனக்கு வராது. அதால நானே நிப்பாட்டுறன்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்தி அழுதார். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அப்போது கமராக்காரர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கோணும். மைக் ஓன் பண்ணேல்லை. அண்ணை இன்னொருக்கா ஓய்வு பெறேலுமோ?"

சிவநேசன் அடிக்கப் போனார். நான் விஷயத்தைச் சொன்னதும் வால்டெமீர் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார், கோட்டின் கழுத்தைச் சரிசெய்தார், முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது தடவையும் அதே இடத்தில் அழுகை வந்தது. இம்முறை கமரா ஓடுகிறது என்று தெரிந்ததால் குலசிங்கம் அண்ணையும் அழுதார்.

அந்த ஒளிப்பதிவை வால்டெமீர் அக்காவுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சோபாவில் இருந்தபடி பேசினார். அக்காவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. தெருவே கூடிப் பார்த்ததாம். பக்கத்தில் இருந்து அழுகிற பருத்த மனிதர் யார் என்று கேட்டாராம்.

"பிரசிடென்ட்," என்றார் வால்டெமீர். அதில் பொய்யில்லை.

இனி என்ன செய்யப் போகிறாய் என்று அக்கா கேட்டாராம். கால் சுகமானதும் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் வேலைக்குத் திரும்பிப் போவேன், அங்கே நான் பாண் வைக்கிறவன் என்று சொன்னாராம். பிறகு அக்கா ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள்.

தொலைபேசியை வைத்த பிறகு, என்ன கேட்டா என்று விசாரித்தேன்.

"உந்த வேலையை ஏன் முந்தியே எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"முந்தி நான் விளையாடிக்கொண்டிருந்தனான் எண்டு சொன்னன்."